துணிக்குப் பின்னால் பார்த்த படம்

மம்பாவ் பக்கத் தோட்டம்,
20 நவம்பர் 1952

அன்பு மகன் சந்திரனுக்கு அம்மா எழுதுவது. முள்கம்பி வேலிக்குள்ளே நானும் உன் அப்பாவும் தங்கச்சி பஞ்சாலையும் மங்கம்மா அத்தையும் மாரியம்மன் புண்ணியத்தில் சுகமாகவே இருக்கிறோம். வேலி இல்லாத சிங்கப்பூரில் நீயும் சுகமாக இருப்பாய், ஆனால் உன் கடிதத்தைப் படித்தால் நீ அங்கே வேலை பார்க்கிறாயா படம் பார்க்கிறாயா என்றுதான் தெரியவில்லை. ஒரே ராஜா ராணிப் படத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டு, கதாநாயகி ஓயாமல் அழுகிறாள், சகிக்கவில்லை என்று எழுதியிருக்கிறாய். பாதாளச் சிறையில் கிடக்கிறவள் அழாமல் பல்லைக் காட்டுவாளா? எனக்கு அவள் அழுகை பிடித்தது. சிறைக்குள்ளே தினம் புதுமல்லிகை யார் கொண்டுவந்து வைத்தார்கள் என்பதுதான் எனக்கு விளங்கவில்லை. உன் அப்பாவைக் கேட்டால் அந்தப் படத்திலேயே வில்லன் ஒருத்தன்தான் ஒழுங்காக நடித்தானாம், மற்றவனெல்லாம் குதிரைமேல் மூட்டை மாதிரி உட்கார்ந்திருந்தானாம். இதெல்லாம் எங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்பாய். போன வாரம் படவண்டி இங்கேயும் வந்தது, நீ எழுதின அதே படம்தான் போட்டார்கள். அதை நாங்கள் பார்த்த கதையைச் சொல்கிறேன், ஆனால் முதலில் வீட்டு விஷயத்தைச் சொன்னால்தான் அது உனக்குப் புரியும்.

பஞ்சாலைக்கு மேல் லயத்து வரிசை வீட்டில் இருக்கிற வீரமுத்துவைப் பேசலாம் என்று நானும் அப்பாவும் நினைத்திருந்தோம். நல்ல பையன், குடி கிடையாது, ரப்பர் மரம் சீவினால் பட்டையில் ஒரு காயம் இருக்காது. பிள்ளைக்கும் அவன்மேல் மனசு. இதற்குள் அரிசி காட்டில் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குப் போய்விடும் என்று வீட்டில் சமைக்கக் கூடாதென்று சட்டம் போட்டுவிட்டார்கள். இப்போது எல்லாருக்கும் பொதுக் கொட்டகையில்தான் சோறு, தட்டை ஏந்திக்கொண்டு வரிசையில் நின்று வாங்கி அங்கேயே உட்கார்ந்து சாப்பிட வேண்டும். அவனவன் வீட்டில் சாப்பிட்டிருந்தால் யாருக்குத் தெரிந்திருக்கும்? வீரமுத்து இடது கையால் சாப்பிடுகிறதை உன் அத்தை பார்த்துவிட்டார். பீச்சாங்கையால சோறு திங்கிறவனுக்கா நம்ம புள்ளையக் குடுக்கிறது, நாளைக்கு நாலு பேரு முன்னால எந்தக் கையால தாலிய எடுப்பான் என்று ஒரே பிடியாக நின்றுவிட்டார். அப்பாவை வளர்த்து ஆளாக்கினவர் அவர், அவர் வேண்டாம் என்றால் இந்த வீட்டில் எதுவும் நடக்காது, அது உனக்கே தெரியும். அதோடு விட்டாரா, கோலா கிளாவாங்கில் கடை வைத்திருக்கிற, முன்மண்டை காலியான ஒரு மாப்பிள்ளைக்குச் சொல்லி அனுப்பப் போவதாக வேறு சொன்னார். உன் தங்கச்சி தட்டில் போட்ட சோற்றை அப்படியே வைத்துவிட்டு எழுந்து எழுந்து போனாள்.

அப்போதுதான் படவண்டி வந்தது. தோட்டத்தின் பக்கத்து டிவிஷன் ஆட்களையும் நம் லயத்து வேலிக்குள்ளேயே குடி வைத்துவிட்டதால் திடல் நடுவில் கட்டின திரைத்துணிக்கு முன்னால் கால் வைக்க இடமில்லை. ஆம்பளைங்களோட இடிபட்டுக்கிட்டு என்ன படம் வேண்டிக்கிடக்கு, பொம்பளைங்க எல்லாம் துணிக்கு அந்தப் பக்கம் வந்து குந்துங்க என்று உன் அத்தைதான் எங்களைப் பின்னால் கூட்டிக்கொண்டு போனார். கேட்டில் நின்ற காவல்காரர் வேலிக்கு வெளியே பார்க்க வேண்டியவர், துப்பாக்கியைத் தோளில் போட்டுக்கொண்டு உள்ளேதான் பார்த்துக்கொண்டிருந்தார். வண்டிக்காரன் விளக்கைப் போட்டதும் துணியில் எழுத்து ஓடியது. பார்த்தால் எல்லா எழுத்தும் வலமிருந்து இடமாகத் திரும்பிக் கிடக்கிறது. எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது. அங்கே இருந்தவர்களில் பள்ளிக்கூடம் போய் எழுத்துப் படித்தவள் நான் ஒருத்திதான், மற்றவர்களுக்கு எழுத்து எப்படி இருந்தால் என்ன. என்ன வள்ளி சிரிக்கிறே என்று அத்தை கேட்டார், தொண்டையில் என்னவோ சிக்கிக்கொண்டது என்று இருமிக் காட்டினேன்.

அப்புறம் என்ன, கதாநாயகன் இடது கையால் வாளை உருவினான். இடது கையால் மந்திரியை அறைந்தான். கதாநாயகியின் மாராப்பு வலது தோளில் கிடந்தது, பக்கத்தில் இருந்த முத்தாயி அது வடநாட்டுக் கட்டு என்று எல்லாருக்கும் விளக்கம் சொன்னாள். விருந்துக் காட்சி வந்தது. ராஜா முதல் சேவகன்வரை வரிசையாக உட்கார்ந்து இடது கையால் வெளுத்துக் கட்டுகிறார்கள். அத்தை என் காதோடு காதாக, என்னடி இது கூத்தாயிருக்கு என்றார். ராஜ வம்சத்துல அப்படித்தான் அண்ணி, வாள் பிடிக்கிற கையாலதான் சாப்பிடுவாங்களாம் என்று சொல்லிவிட்டேன். இந்தப் பொய் எங்கிருந்து வந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கடைசியில் சிறையிலிருந்து மீட்டவளுக்கு அவன் அதே கையால் ஒரு கவளம் ஊட்டினான் பார், பின்னால் இருந்த அத்தனை பெண்களும் மூக்கைச் சிந்தினார்கள். உன் அத்தை முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டே அழுதார்.

மறுநாள் கொட்டகையில் வீரமுத்து சாப்பிடுவதை அத்தை கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அவன் குனிஞ்சு திங்கிறதும் ஒரு லட்சணமாத்தான் இருக்கு லா என்றார். சாயங்காலம் அப்பாவைக் கூப்பிட்டு, ராஜாவே அந்தக் கையால திங்கிறப்ப நமக்கு என்ன வந்துச்சு, வெத்திலை பாக்கு மாத்திக்கலாம் என்று சொல்லிவிட்டார். உன் அப்பா முன்பக்கம் உட்கார்ந்து பார்த்தவர், அவன் சோத்துக்கையாலதானே தின்னான் என்று ஆரம்பித்தார். கால்விரலை ஒரு மிதி மிதித்தேன். இருட்டில் எனக்குச் சரியாகத் தெரியவில்லை அக்கா என்று அவரே திருத்திக்கொண்டார். பாக்கு வெற்றிலை மாற்றியாகிவிட்டது, தை பிறந்ததும் கல்யாணம். பஞ்சாலை இப்போது இரண்டாம் தரம் சோறு வாங்கப் போகிறாள். அதைப் பார்க்கிற என் சந்தோஷத்தை எழுதத் தெரியவில்லை.

இப்போது என் பயமெல்லாம் உன்னால்தான். அத்தைக்கு அந்தக் கதாநாயகன் படம் ஒன்று, வாளை ஓங்கிக்கொண்டு நிற்கிற பெரிய வர்ணப் படம், வாங்கி வைத்திருப்பதாக எழுதியிருக்கிறாய். உன் கடிதத்தை நான்தான் அத்தைக்கு வாசித்தேன், படம் வருகிறது என்பதை மட்டும் வாசித்துவிட்டு வாளை விழுங்கிவிட்டேன். அதில் வாள் வலது கையில்தானே இருக்கும், அது இங்கே வந்து சேர்ந்தால் கோலா கிளாவாங் மாப்பிள்ளை மறுபடி எழுந்து உட்காருவார். உனக்குக் கும்பிடு போடுகிறேன், தாலி ஏறுகிறவரை அதை அனுப்பாதே.

லீவு எடுத்துக்கொண்டு பொங்கலுக்கு முன்பே வந்து சேர். அடையாளக் கார்டைப் பெட்டிக்குள் வைக்காமல் சட்டைப் பையிலேயே வைத்திரு, வழியெல்லாம் நிறுத்திக் கேட்கிறார்கள். ராத்திரிக் காட்சி பார்த்துக் கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதே, சனிக்கிழமை தலைக்கு எண்ணெய் வை. நீ நோய்நொடி இல்லாமல் நூறு வருஷம் இருக்க வேண்டும், உனக்கும் ஒரு நல்லவள் வந்து வாய்க்க வேண்டும் என்று அம்மாவும் அப்பாவும் ஆசீர்வதிக்கிறோம்.

கையெழுத்துப் போடப் போகும்போது அத்தை வந்து பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். யாருக்கு என்றார், சந்திரனுக்கு என்றேன். அப்படின்னா நான் சொன்னேன்னு ஒரு வரி போடு என்றார். சொன்னதை அப்படியே எழுதுகிறேன். படம் அனுப்பினா மூஞ்சி மட்டும் இருக்கிற படமாப் பாத்து அனுப்பச் சொல்லு, கை தெரியிற படம் கல்யாணம் முடியிறவரைக்கும் வேணாம், இந்த லயத்துல நாலு பேரு வந்து பாப்பாளுங்க என்றார். நான் தலையைத் தூக்கிப் பார்த்தேன். அவர் வெற்றிலைக் காம்பைக் கிள்ளிக்கொண்டு, மேல எழுது, உனக்கு ஏன் மறுபடி இருமல் வருது என்று கேட்கிறார்.

உன் வரவைப் பார்த்திருக்கும் அம்மா,
மு. வள்ளியம்மா