துண்டுக்குள் சில்லிட்ட கை

மார்கழி 4, வியாழன்

பனி. கையெழுத்துகூடப் போடத் தெரியாதவன் நான். போனில் பேசினால் அதுவே எழுதிக்கொள்கிறது.

மாட்டுச் சந்தையில் மானம் போனது. ஆயக்குடி அம்மாளின் பசுவுக்கு நான்தான் தரகன். துண்டு மறைப்புக்குள் விரல் பிடித்துத்தான் விலை பேச்சு, ஒரு விரலுக்குப் பத்தாயிரம். வியாபாரி மாயாண்டி நாலு விரல் பிடித்திருக்கிறான். மரத்துப்போன கையில் எனக்கு மூன்றாகப் பட்டது. "கட்டாது" என்று உதறிவிட்டேன். அவன் வேறு மாடு பிடித்தான். பசு வீட்டுக்குத் திரும்பியது. பிறகுதான் நாலு பிடித்ததைச் சொல்லி மாயாண்டி சிரித்தான்: "அண்ணன் கை பொணம் கணக்கா சில்லுன்னு இருக்கு. இனி துண்டு எதுக்கு, கோடித்துணி போதும்."

பிரஷர் மாத்திரை தொடங்கி இருபது நாள். கை சில்லிடுவதும் அன்றிலிருந்துதான். அட்டையை ஓட்டுக்கூரை மேல் விட்டெறிந்தேன்.

மார்கழி 7, ஞாயிறு

மூன்று நாளாக மாத்திரை இல்லை. விரலில் சூடு வந்தது. மாலையில் குடம் தூக்கியதும் நெஞ்சு, மிரண்ட காளையாக ஓட்டம். கண் இருட்டல்.

"மாத்திரை எங்க?" என்றாள் மனைவி செல்லம்மா.

"கூரையில."

"ஏன், பிரஷரு கூரைக்கா?"

மார்கழி 8, திங்கள்

டவுன் டாக்டர். இசிஜி. "ஒரேயடியா நிறுத்தக் கூடாதுன்னு சொன்னேன்ல?"

சொல்லவே இல்லை. அன்றைய பேச்சை அப்படியே ஒப்பித்தேன். "'உப்பைக் குறைங்க. காலையில ஒண்ணு. அடுத்து யாரு?' அம்புட்டுத்தான். அதுவும் பேனா மூடியக் கடிச்சுக்கிட்டே."

பேனாவை மேசையில் வைத்தார். பிறகு என் விரலைத் தொட்டுப் பார்த்தார். மாத்திரை நெஞ்சுத் துடிப்பை மெதுவாக்குமாம். பிரஷர் இறங்கும், விரல் நுனிக்கு ரத்தமும் குறையும். திடீரென விட்டால் நெஞ்சு தறிகெட்டு ஓடும், உயிருக்கே ஆபத்து. இப்போதைக்கு இதையே போட வேண்டும். மெல்ல மெல்லக் குறைத்து வேறு மாற்றுவாராம். "அதுவரை கையச் சூடா வச்சுக்கங்க."

இதை முதல் நாளே சொல்ல எவ்வளவு நேரமாகும்? ஒரு வெற்றிலை மடிக்கும் நேரம்.

மார்கழி 11, வியாழன்

மாத்திரை போட்டாயிற்று. சந்தை. அந்த அம்மாள் மறுபடியும் என்னிடமே பசுவோடு.

"கை சரியாயிருச்சுங்களா?"

"இல்ல தாயி."

டீக்கடையில் கொதிக்கக் கொதிக்க ஒரு டீ. குடிக்கவில்லை. உள்ளங்கை சிவக்கும்வரை கிளாஸைப் பொத்தி வைத்திருந்தேன்.

மாயாண்டி துண்டை விரித்தான். விரல் பிடித்தான். மூன்று. இம்முறை சந்தேகமே இல்லை.

"போன வாரம் நாலு பிடிச்சியேலே."

கையை உருவப் பார்த்தான். நான் விடவில்லை.