முடிச்சு போட்ட முனை

மார்ச் 3, திங்கள்

இன்று மூன்று மோட்டார்கள் வந்தன. இரண்டு மரப்பட்டறையிலிருந்து, ஒன்று யாரோ வீட்டுத் தண்ணீர் மோட்டார். கருகிய செம்புக் கம்பியை உருவி எடுத்துவிட்டுப் புதிதாகச் சுற்றித் தருவதுதான் எங்கள் கடையின் வேலை. எங்கள் கடை என்று எழுதிவிட்டேன். அண்ணன் கடை.

மதியம் சாப்பிட்டுக் கை கழுவும்போது அண்ணன் ஆரம்பித்தார். இருபத்திரண்டாம் தேதி அவருடைய பேண்டுக்குப் பெரிய மேடை. ஹெவி மெட்டல். அவர் பாடுகிறார், நான் பின்னால் நின்று வாசிக்கிறேன்.

"உன் கிட்டார் பூனை மாதிரி கத்துது. பிக்கப்பை மாத்து. நெஞ்சுல இடிக்கணும்."

"சரிண்ணே."

பதினைந்து வயதில் சொல்லத் தொடங்கிய பதில். இப்போது முப்பத்தேழு.

மார்ச் 4, செவ்வாய்

பல் டாக்டர் போன் செய்தார். போன வருடம் என் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டே ப்ளூஸ் இசை பற்றிப் பேசியவர். வாயில் இடுக்கியோடு நான் 'ம்... ம்...' என்றதை அவர் அபார ரசனை என்று எடுத்துக்கொண்டுவிட்டார். அவர் பேஸ் கிட்டார் வாசிக்கிறார், டிரம்ஸுக்கு ஒரு ஆள் இருக்கிறார், மூன்றாவது ஆள் நான் என்று முடிவாகிவிட்டது. முதல் நிகழ்ச்சி அவர்களுக்கும் இருபத்திரண்டாம் தேதிதான். வேறு தேதியே கிடைக்கவில்லையா இந்த மனிதருக்கு?

"அண்ணன்கிட்ட சொல்லிட்டீங்களா?"

"இந்த வாரம் சொல்லிடறேன்."

எப்படிச் சொல்வது? அப்பா போன பிறகு என் படிப்பு, கல்யாணம், இந்தக் கைத்தொழில் எல்லாமே அவர் கொடுத்தது. கிட்டாரும் அவர் வாங்கித் தந்ததுதான். அவர் கொஞ்சம் கெட்டவராக இருந்திருந்தால் எவ்வளவு சௌகரியமாக இருந்திருக்கும்.

மார்ச் 6, வியாழன்

ஒரு யோசனை. கிட்டாரில் இரண்டு பிக்கப்புக்கு இடம் இருக்கிறது. ஒன்று கம்பிகள் முடியும் இடத்தில், பிரிட்ஜ் பக்கம். இன்னொன்று கழுத்துப் பக்கம். பிக்கப் என்றால் என்ன, கிட்டார் கம்பியின் அதிர்வைச் சத்தமாக்கும் ஒரு காந்தமும் அதைச் சுற்றிய செம்புக் கம்பியும்தானே. நான் பிழைப்பதே கம்பி சுற்றி. கடையில் வாங்குவானேன், நானே சுற்றலாம்.

பிரிட்ஜ் பக்கம் அண்ணனுக்கு: செராமிக் காந்தம், சுருளுக்கு ஆறாயிரத்து ஐந்நூறு சுற்று. சுற்று கூடக்கூட சத்தம் தடிக்கும், முரடாகும். மெட்டலுக்கு அதுதான் வேண்டும்.

கழுத்துப் பக்கம் எனக்கு: அல்நிகோ காந்தம், நாலாயிரத்து எண்ணூறு போதும். சுற்று குறைந்தால் சத்தமும் குறையும், ஆனால் விரல் மெல்லத் தொட்டதா அழுத்தியதா என்பது அப்படியே கேட்கும். ப்ளூஸுக்கு உயிரே அதுதான்.

நடுவில் ஒரு சுவிட்ச். மேலே தள்ளினால் என் பக்கம், கீழே தள்ளினால் அண்ணன் பக்கம். யாரிடமும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. ஒரே கிட்டார், இரண்டு பேருக்கும் திருப்தி.

மார்ச் 9, ஞாயிறு

காலையிலிருந்து சுற்றினேன். தலைமுடியைவிட மெல்லிய கம்பி, நான்கு முறை அறுந்தது. மனைவி எதிரே உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். சுவிட்ச் விஷயத்தைப் பெருமையாக விளக்கினேன்.

"ரெண்டு நாளா கிட்டாருக்கு வழி பண்றீங்க. இருபத்திரண்டாம் தேதி நீங்க எங்க நிப்பீங்க? உங்களுக்கும் சுவிட்ச் இருக்கா?"

அதே யோசனையில் கடைசிச் சுருளை முடித்து, வயரில் முடிச்சும் போட்டுவிட்டேன். சுருளின் தொடக்க முனைக்கு முடிச்சு போடுவது எங்கள் கடை வழக்கம், முனை மாறினால் மோட்டார் உறுமும், கருகும்.

மார்ச் 11, செவ்வாய்

சொல்லவில்லை.

மார்ச் 13, வியாழன்

தொண்டைவரை வந்தது. அந்த நேரம் பார்த்து அண்ணன் என் தட்டில் தன் பங்கு முட்டையை எடுத்து வைத்தார். மென்று விழுங்கினேன், இரண்டையும்.

மார்ச் 16, ஞாயிறு

கடைக்குப் பின்னால் இருக்கும் தகரக் கொட்டகையில் ஒத்திகை. பிரிட்ஜ் பக்கம் இடித்த இடியில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. அண்ணன் முகமெல்லாம் சிரிப்பு. "என் தம்பி சுத்தினது" என்று டிரம்மரிடம் இரண்டு முறை சொன்னார்.

பிறகு என் கை பட்டு சுவிட்ச் நடுவில் நின்றுவிட்டது. இரண்டு பிக்கப்பும் சேர்ந்து பேசும் நிலை. சேர்ந்தால் இன்னும் பலமாகத்தானே இருக்க வேண்டும்? அடித்தொனி முழுக்கக் காணாமல் போய், மூக்கடைத்தவன் அழுவது மாதிரி ஒரு மெல்லிய குரல் வந்தது.

அண்ணன் பாட்டை நிறுத்தினார். "ஒரு முனை மாறியிருக்கு. தனித்தனியா நல்லாருக்கும், சேர்ந்தா ஒண்ணை ஒண்ணு அடிச்சுக்கும். சுத்துற வீட்டுப் பையன்டா நீ. மானத்தை வாங்காதே."

வீட்டுக்கு வந்து திறந்து பார்த்தேன். கழுத்துப் பக்கத்து பிக்கப்பில் முடிச்சு முடிவு முனையில் இருந்தது. பதினெட்டு வருடத் தொழிலில் இப்படி ஒரு தப்பு செய்ததில்லை.

மார்ச் 17, திங்கள்

சரிசெய்வதற்கு முன் ஒருமுறை வாசித்துப் பார்ப்போமே என்று கடைக்குப் போகுமுன் எடுத்தேன். நடு நிலையில், மெதுவாக. அந்தக் குரல்! இத்தனை வருடமாக எனக்குள் இருந்த ஏதோ ஒன்று வெளியே வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது. வேலைக்கு ஒரு மணி நேரம் தாமதம்.

பதிவு செய்து பல் டாக்டருக்கு அனுப்பினேன். உடனே போன். "இதைத் தொடாதீங்க. எல்லாப் பல்லையும் நேராக்கணும்னு நானே சொல்ல மாட்டேன்."

மார்ச் 18, செவ்வாய்

மரப்பட்டறைக்கு மோட்டார் மாட்டப் போயிருந்தேன். சாயங்காலம் வாசிக்கலாம் என்று எடுத்துப்போன கிட்டாரைக் கடையில் விட்டிருந்தேன். திரும்பி வந்தபோது அண்ணன் அதைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"உனக்கு நேரமே இல்லை, பாவம். நானே சரி பண்ணிட்டேன். தப்பு முடிச்சையும் அவுத்துட்டேன்."

சுவிட்சை நடுவில் வைத்து வாசித்துப் பார்த்தேன். கொழுகொழுவென்று ஒரு சத்தம். அந்தக் குரல் இல்லை.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "தேங்க்ஸ்ண்ணே." தேங்க்ஸாம். என் கழுத்தை நானே பிடிச்சுக்கிட்டு தேங்க்ஸ் சொல்றேன். எனக்கு என்ன ஆச்சு? யாரும் என்னைக் கட்டிப் போடலையே —

மார்ச் 19, புதன்

அவர் என்னிடம் ஒருமுறையும் 'உனக்கு என்ன வேணும்' என்று கேட்டதில்லை. நானும் ஒருமுறையும் சொன்னதில்லை. இன்று நாள் முழுக்க இதில் எது பெரிய தப்பு என்று கணக்குப் போட்டேன்.

மார்ச் 20, வியாழன்

காலை பத்து மணி. கடையில் நாங்கள் இருவர்தான். கிட்டாரை வேலை மேஜையில் போட்டு மூடியைக் கழற்றி, சால்டரிங் அயர்னைச் சூடாக்கினேன்.

"நான்தான் சரி பண்ணிட்டேனேடா."

"தெரியும்ண்ணே."

இரண்டு வயரையும் பிரித்தேன். அண்ணன் மோட்டாரை விட்டுவிட்டு எட்டிப் பார்த்தார்.

"முனை மாறுது பாரு."

"மாறலண்ணே. நான் மாத்துறேன்."

ஒரு சொட்டு ஈயம் மேஜையில் விழுந்தது. நிமிர்ந்து பார்க்காமலே மிச்சத்தையும் சொல்லிவிட்டேன். "சனிக்கிழமை நான் வரல. வேற இடத்துல ப்ளூஸ் வாசிக்கிறேன். இனிமே அதுதான். கடைக்கு வருவேன். பேண்டுக்கு வரல."

"எத்தனை நாளா?" என்றார் அண்ணன்.

"ரொம்ப வருஷமாண்ணே."

போய் மோட்டார் முன்னால் உட்கார்ந்தார். சுற்றவில்லை, சும்மா உட்கார்ந்திருந்தார். இரண்டு நாளில் அவருக்கு ஆள் எங்கே கிடைக்கும்? ஆனாலும் வயரை மறுபடி பிரிக்கவில்லை.

மூடியைப் போட்டு முடுக்கப் போனபோது பக்கத்தில் வந்து நின்றார்.

"முடிச்சு எங்க?"

"எதுக்குண்ணே?"

"மொட்டையா விட்டா, நாளைக்குத் திறக்கிறவன் தப்புன்னு நினைச்சுத் திருப்பி வச்சுடுவான். என்னை மாதிரி. வேணும்னுதான் செஞ்சதுன்னு தெரிய வேண்டாமா?"

முடிச்சு போட்டேன். அவர் அதை இழுத்துப் பார்த்தார். பிறகு சனிக்கிழமைக்கு ஆள் தேட, போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.