காடைகளுக்கு வயதாகிவிட்டது

அக்கா, நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். எதையும் கூட்டவோ குறைக்கவோ மாட்டேன். பள்ளி முடிந்து உன் ஆய்வுக்கூடத்துக்கு வந்திருக்கிறேன். படியேறும்போதே ஃபார்மலின் நெடி. நீ பஸ்ஸிலிருந்து இறங்கி வீட்டுக்கு வரும்போது உன் துப்பட்டாவில் இருக்குமே, அதே நெடி. பாதிப் படியில் நின்றுவிட்டேன்.

அந்த நெடி அம்மாவுக்குப் பிடிக்காது. "காடைக்கு வயசாகற வரைக்கும் காத்துண்டிருந்தா உனக்கும் வயசாயிடும்டி" என்பாள். நீ சிரிப்பாய். "காடைக்குச் சீக்கிரம் ஆயிடும்மா. கொஞ்சம் பொறு."

உன்னைப் பெண் பார்க்க வந்த அன்று, நம் சரோஜினி நகர் குவார்ட்டர்ஸில் நாற்காலி போதாமல் நான் டிரங்குப் பெட்டிமேல் உட்கார்ந்திருந்தேன். "என்ன ஆராய்ச்சின்னு கேட்டா, பறவைன்னு மட்டும் சொல்லு, போதும்" என்று அம்மா சமையலறையிலேயே எச்சரித்திருந்தாள். பையனின் அம்மா விடவில்லை.

"பறவையில என்னம்மா பண்றே?"

கேசரித் தட்டை நீட்டியபடியே சொன்னாய். "ஆண் காடைக்கு வயசானா விந்துக்குழாய்த் திசு எப்படி மாறறதுன்னு பாக்கறேன், மாமி."

மாமியின் கை தட்டுக்கு வரவில்லை. பையனின் அப்பா மட்டும் செருமினார். "வயசானா எல்லாம் தளர்ந்துதான் போகும். இதுக்கு ஒரு ஆராய்ச்சியா?"

"தளர்றதில்லே மாமா, நார் ஏறி இறுகிடும்னு நினைக்கறேன். கிழப் பறவைகளைப் பாத்தாத்தான் நிச்சயமாத் தெரியும்."

அப்புறம் அவர்கள் வீட்டிலிருந்து தகவலே வரவில்லை. அம்மா அழுதாள். அப்பாதான், "அந்தக் காடைகளுக்கு வயசாகட்டும், அப்பறம் பாத்துக்கலாம்" என்று முடித்தார். அந்த அவகாசம் ஒன்றுதான் நீ கேட்டது. அது தீர்வதற்குள், மழைக்காலத்தில் வந்த காய்ச்சல் உன்னைக் கொண்டுபோய்விட்டது.

காடைகள் மட்டும் கூண்டில் நிதானமாகக் கிழடாயின. நான் தீதி என்று கூப்பிடும் உன் ஆய்வுக்கூடத் தோழிதான் தீனி வைத்தாள். கடைசியில் ஸ்லைடுகளையும் அவளே தயார் செய்தாள். இன்று, "ஆஜா சோட்டி", வா சின்னவளே என்று என்னை மைக்ரோஸ்கோப் முன் உட்காரவைத்தாள்.

இளம் பறவையின் குழாயில் உட்சுவர் பாவாடைக் கொசுவம்போல மடிப்பு மடிப்பாக இருந்தது. கிழப் பறவைகளில் மடிப்புகள் தேய்ந்து, உட்படலம் மெலிந்து, சுற்றிலும் நார் தடித்துக் கிடந்தது. நீ நினைத்ததுதான் சரி அக்கா.

ஆனால் ஒரு கிழப் பறவையில் மட்டும் மடிப்புகள் அப்படியே இருந்தன. ஏன் என்று தீதியிடம் கேட்டேன். "பதா நஹீன்" என்றாள். அவளுக்கும் தெரியவில்லை.

நீ இருந்திருந்தால் இன்று உற்சாகத்தில் என்னை உலுக்கியெடுத்திருப்பாய். வீட்டில் காடை என்ற சொல்லையே இப்போது யாரும் எடுப்பதில்லை. அப்பா இந்த ஆய்வுக்கூடப் பக்கம் வரும் பஸ்ஸில்கூட ஏறுவதில்லை. அந்த ஒரு பறவைக்கு மட்டும் ஏன் இறுகவில்லை என்ற கேள்வி என்னிடம் மட்டும் இருக்கிறது. கேட்பதற்கு நீ இல்லை. பெரியவளாகி நானே கண்டுபிடிக்கும் வரை இதை வைத்துக்கொண்டிருப்பேன்.

தீதி கிளம்பலாம் என்கிறாள். மைக்ரோஸ்கோப்புக்கு உறை போட்டாயிற்று. அறை விளக்குகளையும் ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டிருக்கிறாள்.