சமையலறைக்கு அடியில் கால்வாய்

ஐப்பசி, செவ்வாய்க்கிழமை இரவு.

கால்வாய்களை வரைபடத்தில் ஏற்றுவதற்காகச் செங்கல்பட்டிலிருந்து ஒரு பெண் வந்தாள். ஏரியின் உபரிநீர்க் கால்வாய் எங்கே ஓடியது என்று கேட்டாள்.

"அப்படி ஒன்னும் இங்க இல்ல மேடம்" என்று என் மகன் முந்திக்கொண்டான்.

அவள் அதையே எழுதி, கைநாட்டு வைக்க என் முன்னால் மை டப்பாவை வைத்தாள். நான் பேனாவைக் கேட்டு வாங்கினேன். 'கால்வாய் இல்லை' என்று எழுத்துக்கூட்டிப் படித்தேன். எழுபது வயதில் எழுதக் கற்ற என் பெயரை முதன்முதலாக அதன் கீழே போட மனம் வரவில்லை.

"கால்வா கீது, கண்ணு. எங்க சமையல்கட்டுக்கு அடியில. தூர்த்தவனே நான்தான்" என்றேன்.

"வூட்ட இடிச்சா எங்க போவ, நைனா?" என்றான் மகன்.

அவள் திருத்தி எழுதினாள். கையெழுத்துப் போட்டேன்.

மகன் சாப்பிடாமல் படுத்துவிட்டான். என் பெயர் கோணாமல் வந்தது. அதை அவனிடம்தான் காட்ட நினைத்திருந்தேன்.