தினுஷா என்று இங்கே யாரும் இல்லை

இரத்தோட்டை,
புதன்கிழமை.

அன்பு மகள் தினுஷாவுக்கு அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் மூச்சோடு இருக்கிறோம், சுகம் என்று எழுதத்தான் கை வரவில்லை, நீயாவது மஸ்கட்டில் நோய்நொடி இல்லாமல் இருக்க அம்மனைக் கும்பிடுகிறோம். அன்றைக்குக் கத்திவிட்டுப் போனை வைத்தவள் ஒரு மாதமாக எடுக்கவே இல்லை, மெசேஜ் போட்டால் நீ பார்த்ததற்கு நீலக் கோடு மட்டும் விழுகிறது. அதனால்தான் கடிதம். உன்னோடு வேலை செய்யும் உக்குவளை ஜஸ்லா லீவு முடிந்து சனிக்கிழமை திரும்புகிறாள், அவள் கையில் கொடுத்துவிடுகிறேன், அவளிடமும் முகத்தைத் திருப்பாதே.

ஜஸ்லா வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் விளக்கினாள். ஆஸ்திரேலியாவில் மூன்று மாதம் ஓர் ஊர் ஆஸ்பத்திரி, முடிந்ததும் அடுத்த ஊர், இப்படி மாறி மாறிப் போகிற நர்ஸ் வேலைக்கு நீ இரண்டு வருடமாகத் தயாரானாயாம். இரண்டாம் தடவை பாஸ் பண்ணிய இங்கிலீஷ் பரீட்சை, தடுப்பூசிக் கார்டு, பெரிய நர்ஸ்மார் இருவரின் கடிதம், எல்லாம் ஒரு ஃபைலில் இருந்ததாம், உன்மேல் குற்றம் ஒன்றும் இல்லை என்கிற போலீஸ் ரிப்போர்ட் ஒன்றுதான் பாக்கியாம். அது என் ஒரு வார்த்தையால் பிந்திப்போய், அந்த இடத்தை வேறு நாட்டுப் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டார்களாம். "எங்கப்பாவே என் சோத்துல மண்ணப் போட்டுட்டாரு" என்று நீ அழுததையும் மறைக்காமல் சொன்னாள். சரி, போட்டேன். எப்படிப் போட்டேன் என்று நீ கேட்கவில்லையே.

அன்று நான் வாசலில் மிளகு காயப் போட்டுக்கொண்டிருந்தேன். மோட்டார் சைக்கிளில் ஒரு போலீஸ்காரர் கடதாசியோடு வந்து, தினுஷா என்று ஒரு பெண் இந்த லயத்து வீடுகளில் இருக்கிறாளா என்று சிங்களத்தில் கேட்டார். எதற்கு என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை, போலீஸிடம் எதற்கு என்று கேட்டுப் பழகிய தோட்டத்து ஆள் யார்? உனக்கு மூன்று வயதாக இருக்கும்போது இதே மாதிரி கடதாசியோடு வந்துதான் சசிக்குமார் சித்தப்பாவைக் கேட்டார்கள். நான் பெரிய அரிச்சந்திரன், வீட்டைக் கைகாட்டினேன். இரண்டு வருடம் கழித்துத்தான் அவன் திரும்பி வந்தான், இடது காது இன்றைக்கும் கேட்காது. அதனால் இந்த முறை, அப்படி யாரும் இங்கே இல்லை மாத்தயா என்றேன். அவர் பக்கத்து வீடுகளிலும் விசாரித்தார். நான் சொன்னது காதில் விழுந்திருக்குமே, எட்டு வீட்டுக்காரரும் ஒரே வாயாக இல்லை என்றார்கள். உன்னைத் தூக்கி வளர்த்த பக்கத்து வீட்டுக்காரி, தினுஷாவா, கேள்விப்பட்டதே இல்லையே என்றாள். அவர் எழுதிக்கொண்டு போனார். உன்னைக் காப்பாற்றிவிட்டேன் என்று நினைத்து அன்றைக்கு நிம்மதியாகச் சோறு தின்றேன்.

இன்டர்வியூவுக்கு நீ கண்ணாடி முன் நின்று பழகினாயாம். ஒரே நேரத்தில் மூன்று நோயாளிகள் கூப்பிட்டால் யாரிடம் முதலில் போவாய் என்று ஜஸ்லா கேட்க, நீ பதில் சொல்வாயாம். எழுபது கேள்விக்குப் பதில் பாடமாக்கிய பிள்ளை, அப்பா, ஒரு கேள்வி வீட்டுக்கும் வரும், பயப்படாமல் ஆமாம் என்று சொல்லுங்கள் என்று ஒரு வரி சொல்லியிருக்கக் கூடாதா? தோட்டத்து ஆளுக்கு இதெல்லாம் விளங்காது என்று நினைத்துவிட்டாய். உன்னை நர்ஸிங் படிக்க அனுப்பும்போது மட்டும் எனக்கு எல்லாம் விளங்கியது. அந்த வேலை போனதைவிட இதுதான் எனக்கு வலிக்கிறது மகள்.

போன வெள்ளிக்கிழமை அடையாள அட்டையையும் நீ நர்ஸ் உடுப்பில் நிற்கும் போட்டோவையும் எடுத்துக்கொண்டு நானே போலீஸுக்குப் போனேன். சித்தப்பா விஷயத்துக்குப் பிறகு அந்தப் படியை மிதித்ததில்லை. இவள் என் மகள், நான் பொய் சொன்னேன் என்றேன். பகல் வரை பெஞ்சில் உட்கார வைத்தார்கள். பிறகு அதே ஆள் வந்து, படித்த பிள்ளையின் அப்பா செய்கிற வேலையா இது என்று ஏசிவிட்டு வாக்குமூலம் எழுதினார். கடைசியாக எப்போது வீட்டுக்கு வந்தாள் என்று கேட்டார், நாலு வருடமாகிறது என்றேன். இனி எப்போது வருவாள் என்று கேட்டார், தெரியாது என்றேன். அதில் பொய் இல்லை. ரிப்போர்ட் இனிச் சரியாக வரும், அந்த ஆஸ்பத்திரிதான் திரும்பி வராது. வேறு ஆஸ்பத்திரி கிடைக்கும் என்கிறாள் ஜஸ்லா.

கிடைத்தால், கையெழுத்துப் போடுமுன் எத்தனை மணி நேர வேலை, இடையில் நிறுத்தினால் என்ன செய்வார்கள் என்று ஒழுங்காக வாசி. தெரியாத ஊரில் தனி வீடு எடுக்காதே, இன்னொரு நர்ஸோடு சேர்ந்து எடு. நேரத்துக்குச் சாப்பிடு. அம்மாவுக்குப் பிரஷர் குறையவில்லை, கிளினிக்கில் மாத்திரையைக் கூட்டிவிட்டார்கள், வேலை விட்டு வந்ததும் போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறாள். நீ போகிற இடமெல்லாம் அம்மன் துணை இருக்கட்டும், உன் கைபட்ட நோயாளிகள் எழுந்து நடக்கட்டும். என்னோடு நீ பேச வேண்டாம், பேசு என்று நான் கேட்கவும் மாட்டேன். ஆனால் அன்றைக்கு அம்மா மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தாள், போலீஸிடம் அவள் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அவளுக்கு ஒரு போன் கோல் எடு.

இப்படிக்கு,
உன் அப்பா
செல்லச்சாமி