புழு இன்னும் சாகவில்லை

அன்புள்ள பெரியவளுக்கு, அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம் என்று எழுதத்தான் ஆசை, பாதி நலம் என்று வைத்துக்கொள். நீ வேளைக்குச் சாப்பிட்டுத் தெம்பாக இருக்க வேண்டும். எனக்குக் கண் மங்கலாகிவிட்டதால் நான் சொல்லச் சொல்ல உன் தங்கை எழுதுகிறாள்.

நீ அனுப்பிய பொடி வந்து சேர்ந்தது. மண்ணில் இருக்கிற பாக்டீரியாதான், புழுவைக் கொல்லும், மனுஷரை ஒன்றும் செய்யாது என்று நீ சொன்னதை நம்பி, முந்தாநாள் வெயில் தாழ்ந்ததும் அப்பா முட்டைக்கோஸ் முழுக்கத் தெளித்தார். நேற்று விடிந்ததும் பாத்தியில் செத்த புழுவைத் தேடினார். பழைய மருந்து என்றால் காலையில் கீழே கொட்டிக் கிடக்குமே, அந்தப் பழக்கம். ஒன்றுகூட இல்லை, எல்லாம் இலைமேல் உயிரோடு இருந்தன. பக்கத்துத் தோட்டக்காரர் வேலியில் சாய்ந்துகொண்டு, "என்ன மாமா, புழுவுக்கு டானிக் குடுத்தீங்களா" என்று கேட்டிருக்கிறார். அதிலிருந்து அப்பாவின் முகமே சரியில்லை. இன்று மதியம் பழைய மருந்து டப்பாவை எடுத்துத் துடைத்துத் தெளிப்பான் பக்கத்தில் வைத்துவிட்டார், நாளைக் காலை அடிக்கப் போகிறாராம். போன வருஷம் அதை அடித்துவிட்டு வாயில் நுரை தள்ளி விழுந்தவரை நானும் இவளும்தான் இழுத்து வந்தோம். உன்னிடம் வெறும் மயக்கம் என்று சொன்னோம். இன்னொரு தடவை இப்படி ஆனால் தன்னால் காப்பாற்ற முடியாது என்று டாக்டர் சொன்னதையும் மறைத்துவிட்டோம், கோபப்படாதே. வேண்டாம் என்றால், "கோஸ் போச்சுன்னா என்ன பண்றது, நீயே சொல்லு" என்கிறார். உன் ஃபோனும் இரண்டு நாளாகக் கிடைக்கவில்லை. இந்தக் கடிதம் உன் கைக்கு வருவதற்குள் எது நடக்குமோ, ஆனாலும் உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்.

குளிரில் தலையை மூடிக்கொண்டு போ. ஃபோனை அணைத்து வைக்காதே. ஒரு குறையும் இல்லாமல் நீ நன்றாக இருக்க வேண்டும்.

உன் அம்மா.

அக்கா, இது நான் எழுதுவது. அம்மா எழுந்து போய்விட்டார். நேற்று பத்து இலைகளுக்கு நூல் கட்டி அடையாளம் வைத்திருந்தேன். சற்று முன் போய்ப் பார்த்தேன். அவற்றில் புது ஓட்டை இல்லை, புது எச்சமும் இல்லை. புழு உயிரோடு இருக்கிறது, ஆனால் தின்னவில்லை. தொட்டால்கூட நகரவில்லை. உன் பொடி மெதுவாக வேலை செய்கிறது என்றுதான் நினைக்கிறேன். அப்பாவிடம் சொல்ல இரண்டு முறை போய்த் திரும்பிவிட்டேன், பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவளுக்கு என்ன தெரியும் என்பாரோ என்று. இப்போது ஓர் இலையைப் புழுவோடு பறித்து வந்திருக்கிறேன். கடிதத்தை ஒட்டிவிட்டு அவரிடம் போகிறேன். பேச்சு வராவிட்டால் இலையை நீட்டுவேன்.