கை பின்னால் இருக்கட்டும்

மேசை டிராயரில் பேனா தேடப் போய், ஒரு மவுஸ் உருண்டை கையில் சிக்கியது. ரப்பர் பூசிய, எலுமிச்சையைவிடச் சின்ன உருண்டை. இப்போது வரும் மவுஸ்களின் அடியில் வெறும் சிவப்பு வெளிச்சம்தான். இது உன் டப்பாவில் இருந்ததாகத்தான் இருக்கும். வேறு யார் இதையெல்லாம் சேர்த்துவைப்பார்கள்?

நாம் நடத்திய கணினிப் பயிற்சிகளில், ஆசிரியர்கள் வருவதற்கு முன்பே எல்லா மவுஸ்களையும் கவிழ்த்து, உருண்டைகளைக் கழற்றி உன் சாப்பாட்டு டப்பாவில் போட்டுவிடுவாய். அவர்களுக்கு முதல் வேலையே ஆளுக்கொரு உருண்டையை உள்ளே போட்டு மூடுவதுதான். "தொறந்து பாத்த பொருளுக்கு யாரும் பயப்பட மாட்டாங்கடி" என்பாய். ஒரு கணினிக்கு இருவர். தெரிந்தவர் வாயால் சொல்ல வேண்டும், தெரியாதவர் கையால் செய்ய வேண்டும். நமக்கு ஒரே கட்டளை, கை பின்னால். அவசரத்தில் நான் யாருடைய மவுஸையாவது தொட்டுவிட்டால் போதும். "கைய எடு. நீயே செஞ்சிட்டா அவங்க என்னத்த கத்துக்குவாங்க?" என்று எல்லார் முன்னாலும் என் மானத்தை வாங்குவாய். எனக்குக் கோபம் கோபமாக வரும்.

அப்படிப்பட்ட நீ, உப்பளத்துப் பள்ளியில் நடந்த பயிற்சியில் அந்த வீராம்பட்டினத்து டீச்சரின் கையைப் பிடித்தாயே, ஏன்? ஓய்வுபெறக் கொஞ்ச காலமே இருந்தவர். திரையில் ஓடும் அம்பை ஓரிடத்தில் நிறுத்தவே அவரால் முடியவில்லை. பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். "எனக்கு இது வராதும்மா, நான் போறேன்" என்று பையை எடுத்துவிட்டார். நீ ஓடிப்போய் அவரை உட்கார வைத்தாய். அவர் கைமேல் வைத்த கையைச் சாயங்காலம் வரை நீ எடுக்கவே இல்லை. டெம்போவில் வீடு திரும்பும்போது, "உன் சட்டம் என்னாச்சு?" என்று குத்தினேன். "தெரியலடி" என்று வெளியே பார்க்கத் திரும்பிக்கொண்டாய். உனக்கா தெரியாது? எதையோ மறைக்கிறாய் என்றுதான் நினைத்தேன்.

உன் உடலை எடுத்த அன்று அந்த வீராம்பட்டினத்து டீச்சர் வந்திருந்தார். "அன்னிக்கி அவங்க கைய புடிக்கலன்னா மறுநாள் வந்திருக்கவே மாட்டேன்" என்று அழுதார். பக்கத்தில் நின்ற இன்னொரு டீச்சர் மூக்கைச் சிந்திக்கொண்டே, "நான் எவ்ளோ கெஞ்சியும் என் மவுஸ தொடவே இல்ல. அதான் கத்துக்கிட்டேன்" என்றார். இருவருக்கும் நடுவில் திருதிருவென்று விழித்துக்கொண்டு நின்றேன். யாருக்கு எது என்று எப்படிக் கண்டுகொண்டாய்? நீ இருந்தபோதே கேட்டுவைத்திருக்கலாம்.

நேற்று கதிர்காமத்தில் பயிற்சி தொடங்கியது. புதிதாகச் சேர்ந்த பயிற்சியாளர்களிடம் உன் கட்டளையை என் கட்டளைபோலவே சொன்னேன். மதியத்துக்கு மேல் ஒரு டீச்சர் எதையும் தொடாமல் மடியைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். என் ஒரு கை மற்றொன்றை முதுகுக்குப் பின்னால் இறுக்கிப் பிடித்திருந்தது. போகலாமா, வேண்டாமா? முடிவு செய்வதற்குள் என் கை அவர் கைமேல் இருந்தது. அவர் நன்றியும் சொல்லவில்லை, கையை உதறவும் இல்லை.

"கை பின்னால இருக்கணும்னு சொன்னீங்களே மேடம்?" என்று புதியவர்களில் ஒருத்தி கேட்டாள்.

"தெரியலம்மா" என்றேன்.

இன்று இரண்டாம் நாள். உருண்டையைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்புகிறேன். அந்த டீச்சர் வருவாரோ, மாட்டாரோ. அன்று டெம்போவில் நீ எதையும் மறைக்கவில்லை, இல்லையாடி?